எனக்கு அடுத்து நின்ற ஆள்

ஒரு பழைய பேனாவுக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஏலத்தில் என் உச்சவரம்பாக நான் பதிவுசெய்த தொகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எண்களையும் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். ஏழு நாள் ஏலம். ஐந்தாம் நாள் இரவு, இதற்கு மேல் ஒரு காசும் தருவதில்லை என்று தீர்மானித்து 100ஐப் பதிந்தேன். அப்போது விலை 41இல் நின்றது. இணைய ஏலத்தில் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். நாம் சொல்லும் உச்சத்தொகையைத் தளம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். எதிரில் ஒருவர் கேட்கக் கேட்க, அவரைவிட ஒரே ஒரு படி கூட்டி நம் சார்பில் கேட்டுக்கொண்டு போகும். அவர் நிற்கும் இடத்தில் அதுவும் நின்றுவிடும். ஆகவே 100 என்பது எனக்கும் அந்தக் கணினிக்கும் மட்டுமே தெரிந்த எண். ஊருக்குத் தெரிந்தது 41.

ஆறாம் நாள் இரவு ஒருவர் வந்தார். பெயர் மறைக்கப்பட்டிருந்தது, முதல் எழுத்து, மூன்று நட்சத்திரக் குறிகள், கடைசி எழுத்து. நான்கு நிமிடத்துக்குள் ஒன்பது முறை கேட்டார். 45, 50, 60, 70 என்று அவர் ஏற ஏற, தளம் என் சார்பில் ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே போய் நின்றது. ஒன்பதாவது முறை அவர் என்னைத் தாண்டிவிட்டார். திரையில் விலை 101. உங்களைவிட அதிகமாக ஒருவர் கேட்டிருக்கிறார் என்று எனக்கு அறிவிப்பு வந்தது. போனால் போகட்டும் என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், அவர் தன் ஏலக் கேள்வியைத் திரும்பப் பெற்றிருந்தார். காரணம் என்ற இடத்தில், தொகையைத் தவறாகத் தட்டிவிட்டதாகக் குறிப்பு. அவருடைய ஒன்பது கேள்விகளும் மறைந்து, விலை மறுபடி 41க்கு வந்து நின்றது. பேனா மறுபடி என் பக்கம்.

கடைசி நாள். முடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது அவரே திரும்ப வந்து ஒரே ஒரு முறை கேட்டார்: 97. தளம் என் சார்பில் 98 என்றது. அதன் பிறகு யாரும் வரவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்ல ஆளில்லாத ஏலத்தில், நொடிகள் பூஜ்யத்துக்கு இறங்கி முடிந்தன. பேனா எனக்கு. 98 கொடுத்து வாங்கினேன். அன்று எனக்கு வந்த உணர்வு கோபமோ சந்தேகமோ இல்லை, நிம்மதி. இன்னும் நான்கு படி அவர் ஏறியிருந்தால் பேனா கைவிட்டுப் போயிருக்குமே, மயிரிழையில் தப்பினோமே, அதிலும் இரண்டு மிச்சம் பிடித்தோமே என்று மகிழ்ந்தேன். அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பணம் போனதைவிட அதுதான் உறுத்துகிறது.

பேனா நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பார்க்கர் 51. 1941இல் விற்பனைக்கு வந்த மாடல். நிறுவனத்தின் 51ஆம் ஆண்டில் உருவானதால் அந்தப் பெயர். நிப் முழுவதும் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும், நுனி மட்டும் கிளியின் அலகுபோல வெளியே தெரியும். என்னுடையது சீடார் நீலம். சாயங்காலத்து வானத்தில் கொஞ்சம் சாம்பலைக் கலந்த நிறம். மூடியின் உச்சியிலும் அடிமுனையிலும் ஒவ்வொரு மணி பதித்த தொடக்ககால வகை. உடலில் பொடி எழுத்தில் ஓர் எண்ணும் அதன் அருகே புள்ளிகளும் இருக்கும். எண் ஆண்டின் கடைசி இலக்கம், புள்ளிகள் காலாண்டைச் சொல்பவை. பூதக்கண்ணாடியை வைத்து அந்தப் புள்ளிகளை எண்ணும்போது வரும் சிலிர்ப்பைச் சேகரிப்பவர்கள் அறிவார்கள். மை உறிஞ்சும் ரப்பர் சவ்வு கெட்டித்துப் போயிருந்தது. புதிதாக மாற்றி, மை நிரப்பி முதல் வரி எழுதியபோது, எண்பது ஆண்டுப் பழைய பொருள் என்று நம்ப முடியாதபடி வழுக்கிக்கொண்டு போனது. அன்று இரவு அதே பேனாவால் என் கணக்கு நோட்டில் எழுதினேன்: சீடார் நீலம், 98.

சாம்பல் பேனா

அந்த விற்பனையாளரை அதன் பிறகு தொடர்ந்து கவனித்துவந்தேன். சந்தேகத்தால் இல்லை, நல்ல பேனாக்களை அவர் வைத்திருந்தார், புகைப்படங்களைத் தெளிவாகப் போடுவார், குறைகளை மறைக்காமல் எழுதுவார். சில வாரங்களில் ஒரு சாம்பல் நிற 51 வந்தது. மூடியில் கிளிப்புக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு பள்ளம். உடலில் யாரோ பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து, பின்னால் வந்த யாரோ அதைத் தேய்த்து அழிக்கப் பார்த்திருந்தார்கள். இரண்டாவது எழுத்தின் வால் மட்டும் மிச்சம். பொறித்த பெயருள்ள பேனாவைச் சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள். எனக்கு அது பிடிக்கும், யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் பரிசாகக் கொடுத்தது என்று தோன்றும். ஆனால் அப்போது கையில் பணம் இல்லை, வேடிக்கை மட்டும் பார்த்தேன். நட்சத்திரக் குறி மனிதர் வந்தார். அவரும் இன்னொருவரும் மாறி மாறி ஏறினார்கள். கடைசியில் அவரே வென்றார். பாவம், என்னிடம் தோற்றவருக்கு இதுவாவது கிடைத்ததே என்று உண்மையாகவே நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து அதே விற்பனையாளரிடம் இன்னொரு சாம்பல் பேனா. படத்தைப் பெரிதாக்கினேன். கிளிப்புக்குப் பக்கத்தில் கடுகளவு பள்ளம். உடலில் தேய்ந்த எழுத்தின் வால். பழைய படத்தை நான் சேமித்து வைத்திருந்தேன், ஆசைப்பட்டு வாங்க முடியாமல்போன பேனாக்களின் படங்களை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் வெளிச்சம் விழுந்த விதம்கூட ஒன்றுதான். அது இன்னொரு பேனா இல்லை, அதே பேனா. புதிதாகப் படம்கூட எடுக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

விற்பனையாளருக்குப் பணிவாக ஒரு வரி எழுதினேன்: இந்தப் பேனா முன்பே விற்றுப்போனதல்லவா? அன்றே பதில் வந்தது: வாங்கியவர் பணம் கட்டவில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் மறைபவர்கள் எல்லாத் தளங்களிலும் உண்டு. நேர்மையான விற்பனையாளர்களுக்குப் பெரிய தலைவலியே அவர்கள்தான். நட்சத்திரக் குறி மனிதரின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். பெயரை மறைக்கும் தளம், அவர் எத்தனை ஏலங்களில் கேட்டார், அதில் இந்த விற்பனையாளரிடம் எத்தனை பங்கு என்பதை மட்டும் காட்டும். நூற்றுக்கு நூறு என்றிருந்தது. அதற்கும் ஒரு நியாயம் சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு வகைப் பேனாவை ஒருவர் மட்டுமே தொடர்ந்து விற்கும்போது, அதைத் தேடுகிறவர் அவரிடம்தானே போவார்? என் கணக்கை அந்த மாதம் யாராவது திறந்து பார்த்திருந்தால், எனக்கும் ஏறத்தாழ அதே சதவீதம்தான் காட்டியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதும் குற்றமில்லை. தளம் தனக்காகக் கேட்கும் என்பது தெரியாத புதியவர்கள் எல்லாரும் அப்படித்தான் படிப்படியாக ஏறுவார்கள். நானும் முதல் ஆண்டு அப்படித்தான் ஏறினேன். தொகையைத் தவறாகத் தட்டுவதும் நடக்கிற காரியம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல விளக்கம் இருந்தது. நானே வக்கீலாக மாறி, முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவர் பொய் என்றால் என் 98உம் பொய்.

97

அன்று இரவு தூக்கம் வராமல் என் பழைய ஏலத்தின் பக்கத்தைத் திறந்தேன். திரும்பப் பெற்ற கேள்விகளும் அதன் அடியில் தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. 101இல் அவர் என்னைத் தாண்டிய நேரம், திரும்பப் பெற்ற நேரம், மறுநாள் 97 கேட்ட நேரம். அந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும், அதன் பிறகுதான் உறைத்தது.

அவர் 101இல் என்னைத் தாண்டினார் என்றால், ஒரு படி கழித்து என் உச்சவரம்பு 100 என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. கேள்வியைத் திரும்பப் பெற்றதால் விலைதான் இறங்கியதே தவிர, தெரிந்தது தெரியாமல் போய்விடவில்லை. மறுநாள் வருகிறார். பேனா வேண்டும் என்றால் 101 அல்லது அதற்கு மேல் கேட்க வேண்டும். அவ்வளவு கொடுக்க மனமில்லை என்றால் பேசாமல் போய்விட வேண்டும். இந்த இரண்டைத் தவிர ஏலத்துக்கு வந்தவருக்கு வேறு வேலை இல்லை. அவரோ 97 கேட்டார். 97 கேட்டால் கிடைக்காது என்பது இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒருவருக்குத் தெரியும் என்றால் அது அவருக்குத்தான். தோற்பது உறுதி என்று தெரிந்து வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. எனக்கு நஷ்டம். லாபம் ஒரே ஒருவருக்கு.

இதற்குக்கூட நல்ல விளக்கம் தேடினேன். என் உச்சவரம்பை அவர் கவனிக்காமல் இருந்திருக்கலாம். கிடைக்காத எரிச்சலில் எனக்குச் செலவு வைக்கவேண்டும் என்று வேண்டுமென்றே ஏற்றியிருக்கலாம். அப்படிப்பட்ட மனிதர்களும் உண்டு. ஆனால் அந்த விளக்கங்களைச் சொல்லும்போது என் குரலே எனக்கு நம்பும்படி இல்லை. நீதிமன்றத்தில் இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எனக்குள் மட்டும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் 1961இல் ஏலங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதிகத் தொகை சொன்னவருக்குப் பொருள், ஆனால் அவர் கட்ட வேண்டியது அவருக்கு அடுத்தவர் சொன்ன தொகை என்ற முறையை அதில் அலசினார். இந்த முறையில் ஒவ்வொருவரும் தனக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்பதை ஒளிக்காமல் சொல்வதே லாபம் என்று காட்டினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, மூன்றே நாளில் இறந்துபோனார். இன்றைய இணைய ஏலத்தின் உச்சவரம்பு ஏற்பாடு பெரும்பாலும் அதே தத்துவத்தில் ஓடுகிறது. சேகரிப்பவர்கள் பெருமைப்படலாம், விக்ரிக்கு வெகு காலம் முன்பே, 1893லேயே, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தபால்தலை வியாபாரிகள் தபால் வழி ஏலத்தில் இதே வழக்கத்தைக் கையாண்டிருக்கிறார்கள். என்னை உலுக்கியது விக்ரியின் கட்டுரையில் வரும் ஓர் எச்சரிக்கை. வென்ற கேள்விக்குச் சற்றே கீழே, கடைசி நேரத்தில் ஒரு கள்ளக் கேள்வியை நுழைத்து விலையை ஏற்றிவிடும் ஆபத்து இந்த முறையில் உண்டு. ஆகவே நம்பகமான மூன்றாம் ஆள் ஒருவர் எல்லாக் கேள்விகளையும் வாங்கி வைத்திருந்து, ஒரே நேரத்தில் விற்பவரிடம் கொடுப்பது நல்லது என்கிறார். வென்ற கேள்விக்குச் சற்றே கீழே. என் 97ஐ 1961லேயே அவர் எழுதி வைத்திருந்தார்.

அந்த மூன்றாம் ஆளும் நம்பகமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1797இல் ஜெர்மானியக் கவிஞர் கோத்தே, தன் புதிய நெடுங்கவிதையை ஃபீவெக் என்ற பதிப்பாளருக்குக் கொடுக்க ஒரு விசித்திரமான நிபந்தனை வைத்தார். தான் எதிர்பார்க்கும் தொகையை எழுதி உறையிலிட்டு, ப்யோட்டிகர் என்பவரிடம் ஒப்படைத்தார். பதிப்பாளர் தன் தொகையைச் சொல்ல வேண்டும். அது உறையில் இருப்பதைவிடக் குறைந்தால் பேச்சு முறிந்தது. கூடினால் உறையில் உள்ள தொகையை மட்டும் கொடுத்தால் போதும். தன் எழுத்துக்குப் பதிப்பாளர் உண்மையில் என்ன மதிப்பு வைத்திருக்கிறார் என்று அறிவதே கோத்தேயின் ஆசை. உறையில் இருந்தது 1000 தாலர். ஃபீவெக் சொன்னதும் சரியாக 1000 தாலர். ப்யோட்டிகர் முன்கூட்டியே காதில் ஓதிவிட்டார். கோத்தேவுக்குப் பணம் வந்தது, அவர் தெரிந்துகொள்ள விரும்பிய ஒன்று மட்டும் வரவே இல்லை. என் விஷயத்தில் கசிந்தது வாங்குபவரின் உறை. கசியவிட்டவர் ஒரு மனிதர்கூட இல்லை. தவறாகத் தட்டிவிட்டேன் என்று சொல்லிக் கேள்வியைத் திரும்பப் பெற அனுமதிக்கும் ஒரு விதி.

பொய்ச் சாட்சி

இரண்டு பேர் ஏலம் கேட்கும்போது என்ன நடக்கிறது என்று முன்பெல்லாம் நான் யோசித்ததில்லை. எதிரில் கேட்பவர் எனக்கு எதிரி என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அட்டவணை விலை இல்லாத பழம்பொருளுக்கு, அது இவ்வளவு பெறும் என்று எனக்குத் தைரியம் கொடுப்பவர் எனக்கு அடுத்து நிற்கும் அந்த ஆள்தான். நான் ஒருத்தி மட்டும் ஒரு பேனாவுக்கு 98 பெறும் என்று நினைத்தால் அது என் பித்து. இன்னொருவரும் தன் காசை எடுத்து வைத்து 97 வரை வந்தார் என்றால், அது என் மதிப்பீட்டுக்கு ஒரு சாட்சி. ஏலத்தில் விலையை நிர்ணயிப்பது வென்றவர் இல்லை, தோற்றவர். அவரே பொய் என்றால் நான் இழந்தது சில காசு மட்டுமில்லை. எதை வைத்து என் ஆசையை அளந்தேனோ அந்தப் படிக்கல்லே கள்ளப் படிக்கல்.

இதைத் தளத்துக்குப் புகாராக எழுதினேன். தேதி, நேரம், இரண்டு சாம்பல் படங்கள், 97இன் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். ஆராய்வோம், தனியுரிமை காரணமாக முடிவைத் தெரிவிக்க இயலாது என்று பதில் வந்தது. அந்த விற்பனையாளர் இன்றும் விற்கிறார். நட்சத்திரக் குறி மனிதரை மட்டும் அதன் பிறகு காணவில்லை. வேறு எழுத்துகளோடு வந்துகொண்டிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. பெயரை மறைக்கும் வழக்கம் கெட்ட எண்ணத்தில் வந்ததில்லை. முன்பு தோற்றவர்களின் பெயர் வெளியே தெரிந்த காலத்தில், வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறேன் என்று விற்பவர்போல நடித்து மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறித்த கூட்டம் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க ஈபே போன்ற தளங்கள் பெயரை மறைத்தன. அதனால் இன்னொரு ஓட்டை பெரிதாகிவிட்டது. எதிரில் நிற்பது யார் என்று சக சேகரிப்பாளர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட காலம் போய், சந்தேகப்படவும் துப்புக் கிடைக்காத நிலை வந்துவிட்டது.

பிடிபட்டவர்களின் கதைகளைப் படித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஏற்றிவிட்டதற்காகப் பிடிபடவில்லை. வேறு எதையோ கிளறப்போய் இது வெளியே வந்திருக்கிறது. பிரிட்டனில் தன் பொருளுக்குத் தானே வேறு கணக்கிலிருந்து விலை ஏற்றியதற்காக முதன்முதலில் ஒருவர் தண்டிக்கப்பட்டது 2010இல், பிராட்ஃபர்டு நீதிமன்றத்தில். அவர் விற்ற மினிபஸ் ஓடிய தூரம் பொய் என்று வாங்கியவர் புகார் செய்ததால்தான் விசாரணையே தொடங்கியது. 2000ஆம் ஆண்டு ஈபேயில் நடந்த ஓவிய விவகாரம் இன்னும் பெரியது. வீட்டில் கிடந்த பழைய படம், பிள்ளையின் விளையாட்டு வண்டி இடித்து ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒன்றும் தெரியாதவர்போல எழுதி, 25 சென்ட்டில் ஏலம் தொடங்கியது. மூலையில் RD என்ற எழுத்துகள் தெரிந்ததால் புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததோ என்று ஆட்கள் முண்டியடித்தார்கள். 1,35,805 டாலர் வரை போனது. எழுதியவர் ஒரு வழக்கறிஞர். அந்த எழுத்துகளைப் போட்டதே அவர்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து பல பெயர்களில் கணக்கு வைத்து ஒருவர் பொருளுக்கு ஒருவர் விலை ஏற்றிவந்ததும் வெளியே வந்தது. விலை அவ்வளவு உயராமல் இருந்திருந்தால் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்திருக்காது. சின்னச் சின்னதாக ஏற்றிக்கொண்டே காலம் தள்ளியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் மருந்தாகக் கடைசி நொடியில் கேட்கச் சொல்கிறார்கள். ஏலம் முடிய ஐந்து நொடி இருக்கும்போது உச்சவரம்பைப் பதிந்தால், நம் ஆழத்தை அளந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. நியாயமான தற்காப்புதான், நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரு அறிஞர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த நேரத்தில் சட்டென்று முடியும் ஈபே ஏலங்களையும், கடைசியில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீண்ட அன்றைய அமேசான் ஏலங்களையும் ஒப்பிட்டார்கள். கடைசி நொடிக் கூட்டம் ஈபேயில்தான் மிக அதிகம். நேரம் தானே நீளும் இடத்தில் பதுங்கிப் பாய வேண்டிய அவசியம் இல்லையல்லவா? ஆனால் எல்லாரும் பதுங்கினால் ஏழு நாளும் பக்கம் காலியாகக் கிடக்கும். ஆறு நாள் இருபத்து மூன்று மணி நேரம் யாரும் தன் ஆசையைக் காட்டமாட்டார்கள். நேர்மையான சாட்சிகளும் கூண்டுக்கு வர மறுக்கும் இடமாக ஏலம் மாறிவிடும். எனக்கு அந்தத் தற்காப்பில் பாதுகாப்பு இருக்கிறது, சந்தோஷம் இல்லை.

நோட்டில் இருந்த எண்

இதுவரை சொன்னதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஏமாந்தது நான், என்னோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். பேனாவால் பழக்கமாகி, எனக்குத் தம்பி முறையாகிவிட்ட இளைஞன் ஒருவன் இருக்கிறான். நான் அந்தப் பேனாவை வாங்கிய இரண்டாம் மாதம், அதாவது நான் இன்னும் நிம்மதியில் இருந்த காலத்தில், அவன் கேட்டான்: "அக்கா, சீடார் நீலத்துக்கு எவ்வளவு வரை போகலாம்?" நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு என் தொகையைச் சொன்னேன். அதையே உச்சவரம்பாக வைத்து, வேறொரு விற்பனையாளரிடம் ஏலம் கேட்டு வாங்கினான். கிட்டத்தட்ட அதே விலை. என்னிடம் படம் அனுப்பி, உங்கள் கணக்குச் சரியாக இருந்தது அக்கா என்று எழுதினான். அவன் எதிரில் நின்றவர் உண்மையான ஆளாக இருக்கலாம். அந்த ஆளும், முடிந்த ஏலங்களின் பட்டியலில் என் 98ஐப் பார்த்துவிட்டு வந்தவராக இருக்கலாம்.

பொய் விலை அதோடு முடிவதில்லை, அடுத்தவருக்கு அதுவே ஆதாரமாகிவிடுகிறது. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளில் உலகத்திலேயே புகழ்பெற்றதான டி206 ஹோனஸ் வாக்னர், 1909 முதல் 1911 வரை வெளியான வரிசையைச் சேர்ந்தது. அதன் மிகச் சிறந்த பிரதி 1991இல் 4,51,000 டாலருக்கும், 2007இல் 28 லட்சம் டாலருக்கும் கைமாறியது. முன்பு அந்த அட்டையை வைத்திருந்தவர் வில்லியம் மாஸ்ட்ரோ. பின்னால் பெரிய ஏல நிறுவனம் நடத்தியவர். தன் ஏலங்களில் கள்ளக் கேள்விகளால் விலை ஏற்றியதையும், அந்த அட்டையின் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதையும் 2013இல் ஒப்புக்கொண்டார். 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய நிறுவனத்தின் ஏல முடிவுகளைப் பார்த்து எத்தனை பேர் வேறு இடங்களில் விலை பேசியிருப்பார்கள்? அவர்களில் யாருக்கும் எவரும் பணத்தைத் திருப்பித் தரப்போவதில்லை. தாங்கள் எதையாவது இழந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. என் சின்ன அளவில் நானும் அந்தப் பட்டியலில் ஒரு வரி. ஏமாந்தவள் மட்டுமில்லை, கள்ள எண்ணை நல்ல எண் என்று என் வாயால் சொல்லி இன்னொருவரிடம் சேர்த்தவள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. அவன் மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் பேனாவில் ஒரு குறையும் இல்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டுப் போன வாரம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். 101, திரும்பப் பெற்றது, 97, சாம்பல் பேனாவின் பள்ளம். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு மெதுவாக, "அப்படியென்றால் அதன் விலைதான் என்ன அக்கா?" என்றான்.

அந்த ஆள் வருவதற்கு முன்னால் நின்ற விலையைச் சொன்னேன். அவர் இல்லாமல் இருந்திருந்தால் 41க்கு முடிந்திருக்கும், அதற்கு மேல் யாரும் வரவில்லையே என்றேன். நோட்டில் 98ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 41 என்று எழுதியிருப்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான்: "41 வரை உங்களுக்கு எதிராகக் கேட்டது யார் என்று பார்த்தீர்களா?"

நான் பார்த்திருக்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முடிந்து குறிப்பிட்ட நாட்கள் ஆனதும் ஏலப் பக்கங்களைத் தளம் எடுத்துவிடும். அங்கே ஒன்றும் இல்லை. புகாரோடு அனுப்ப நான் பிடித்திருந்த திரையின் படத்தைத் தேடி எடுத்தேன். 97 இருந்தது, 101 இருந்தது, நட்சத்திரக் குறிகள் இருந்தன. அவை மட்டும் போதும் என்று அதற்குக் கீழே இருந்ததை நான் படம் பிடிக்கவில்லை.